மூடிய காருக்குள் ஒரு வெள்ளைச் சட்டை

ஆம்பூர் பைபாஸ் ரோட்டில் என் சீட் கவர் கடைக்குப் பக்கத்து ஷெட் சத்தியநாதனுடையது. காரின் உள்பக்கம் வெளுத்துப்போன பிளாஸ்டிக்கெல்லாம் அவரிடம்தான் வரும். டேஷ்போர்டு, கதவில் கை வைக்கிற இடம், கியர் கம்பியைச் சுற்றியிருக்கும் மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, தேய்த்து, பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி மாட்டிக் கொடுப்பார்.

வேலை முடிந்ததும் வண்டியை விட்டுவிட மாட்டார். அங்கேதான் ஆரம்பிக்கும் அவருடைய பைத்தியக்காரத்தனம். உச்சி வெயிலில் காரை ரோட்டோரம் நிறுத்தி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, முழுக்கை வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். முழங்கையைக் கதவின் மேல் அழுத்தி வைத்துக்கொள்வார். முகத்திலிருந்து வேர்வை சொட்டும். துடைக்க மாட்டார்.

டீக்கடையில் நிற்கிற வெட்டிப் பயல்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"இன்னா பாய், உங்க தோஸ்த் உள்ள தம்ல இருக்காரா? பிரியாணி எப்ப ரெடியாவும்?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வருமோ. "உன் வேலையப் பாத்துட்டு போடா, பேஜார் பண்ணாத" என்று கத்தரிக்கோலோடு எழுந்து நிற்பேன். ஓடிவிடுவான்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால்தான் இந்த ஜான் பாஷாவே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சட்டை எது, அந்த மனுஷன் ஏன் அப்படி வெந்தார் என்று தெரிந்துகொண்டு, அப்புறமும் சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

சத்தியநாதன் முதலில் டேனரியில் ஸ்பிரே அடிக்கிற ஆள். பதப்படுத்தின தோலுக்குக் கடைசியாக நிறம் கொடுப்பார்களே, அந்த வேலை. நிறம் என்றால் அவருக்கு அப்படி ஒரு கண். காய்ந்த புளியங்கொட்டையைக் காட்டி இந்த பிரவுன் வேண்டும் என்றால், கொட்டையை ஒரு பார்வை பார்ப்பார், டப்பாக்களைத் திறப்பார், கலக்குவார். கொட்டையைத் தோலின் மேல் வைத்தால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

டேனரி மூடினபோது, "நாதா, என் கடைக்கு வர்ற காரெல்லாம் உள்ள வெளுத்துப்போய் வருது. நான் சீட்டப் பாக்கறேன், நீ பிளாஸ்டிக்கப் பாரு" என்று பக்கத்து ஷெட்டைக் காட்டியது நான்தான். வந்தார். டேனரியிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய ஸ்பிரே துப்பாக்கியும் கூடவே வந்தது. சின்னச் சின்ன வேலைகளாக வந்தன, பிழைப்பும் ஓடியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டேனரிக்காரன் என்று யாராவது சொன்னால் அந்த மனுஷன் சுருங்கிப்போவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால் எலுமிச்சம்பழத் தோலை வைத்து நகத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பார். "நாத்தம் போய்டுச்சா பாய்?" என்று கையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "ஊரே தோல்லதான்யா சோறு துன்னுது, உனக்கு மட்டும் இன்னாய்யா வெக்கம்?" என்று திட்டுவேன். கேட்டால்தானே.

இந்த நேரத்தில் அவருடைய மகள் அக்சாவுக்கு வேலூரில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் ஜெர்சன், ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை. தங்கமான பிள்ளை. குடும்பமே வாத்தியார், நர்ஸ், கிளார்க் என்று படித்த குடும்பம். நிச்சயத்துக்குப் போன இடத்தில் பையனின் பெரியப்பா, நத்தானியேல் என்று ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், "சம்பந்தி எதுல இருக்கீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சத்தியநாதன் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி பொன்மலர் முந்திக்கொண்டு, "பெயின்ட் கம்பெனி வெச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அவரை ஊருக்குத் திரும்புகிற வரையில் குடைந்துகொண்டே வந்தது.

"பொய் சொல்லிட்டாளே பாய். நாளைக்கு அவங்க வந்து ஷெட்டப் பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

ஹெட்மாஸ்டரிடம் பழைய வெள்ளைக் கான்டெஸா ஒன்று இருந்தது. கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்துவர அந்தக் கார்தான் என்று முடிவாயிற்று. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கதவுகளும் டேஷ்போர்டும் வெயிலில் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருந்தன. இதைப் பார்த்ததும் நம் ஆளுக்கு மனசு துள்ளியது. "நானே பண்ணித் தர்றேன் சார், நம்ம வூட்டு வேல" என்று வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிவந்துவிட்டார். தன் கைவேலையைப் பார்த்தால் பெயின்ட் கம்பெனி என்று சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும், அதுதான் கணக்கு. பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த உள்பக்க நிறம் ஒரு தினுசான பிரவுன். கடைகளில் அலைந்து பார்த்தார், அதே நிறம் கிடைக்கவில்லை.

"மெட்ராஸ்ல கேட்டா பிளாஸ்டிக்குக்குன்னே பெயின்ட் இருக்குமேய்யா" என்றேன்.

"நிறம் சேராது பாய். எங்கிட்ட இல்லாத பிரவுனா?"

மிச்சம் வைத்திருந்த டேனரிச் சரக்கை எடுத்துவிட்டார். தோலுக்கு அடிக்கிற நிறத்தூள், அதைப் பிடித்து நிறுத்துகிற பால் மாதிரியான பைண்டர். தோல் மடங்கினால் வெடிக்கக் கூடாது என்று அந்த பைண்டரை மிருதுவாகவே வைத்திருப்பார்கள். கான்டெஸா கதவு மெத்தென்று அமுங்குகிற சங்கதி. அதுவும் வெடிக்கக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊற்றினார். தோல் என்றால் அடிக்கிற நிறத்தை உறிஞ்சிக் குடித்துவிடும். பிளாஸ்டிக் எதையும் குடிக்காது. நிறம் மேலே ஆடை மாதிரி படர்ந்துகொண்டு சும்மா கிடக்கும், சூடு ஏறினால் இளகி ஒட்டும். வாழ்நாள் முழுக்கத் தோலோடு பழகிய மனுஷனுக்கு அது தோன்றவில்லை.

அவசரத்தில் செய்தார் என்றும் சொல்ல முடியாது. டேனரியில் செய்வதுபோலவே வெள்ளைத் துணியை எடுத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது. ஈரத் துணியால் தேய்த்தார், அப்போதும் வெள்ளைதான். ஆனால் ஷெட் நிழலில் தேய்த்தார். வெயிலில் மூடிக் கிடக்கிற தோலை அவர் எந்தக் காலத்தில் பார்த்திருக்கிறார்? ஹெட்மாஸ்டர் வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபாக்டரியிலேருந்து வந்த மாதிரி இருக்கு சம்பந்தி" என்றார். சத்தியநாதன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூற்றெட்டு மே மாதம் கல்யாணம். வேலூர் வெயில் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆம்பூரிலிருந்து காரில் அக்சா, பொன்மலர், தோழிப்பெண். பின்னால் வேனில் நாங்கள். அக்சா வெள்ளைப் பட்டு, முழுக்கை வெள்ளை ஜாக்கெட், வெள்ளைக் கையுறை, தலையில் அவர்கள் போடுவார்களே அந்த நெட். நெட்டும் பூவும் காற்றில் கலைந்துவிடக் கூடாது என்று பொன்மலர் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றச் சொல்லிவிட்டாள். மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் என்று வழி நெடுக அந்தக் கார் அடுப்பாகக் காய்ந்துகொண்டு போயிருக்கிறது. பெண் பாவம், பதற்றத்தில் கையைக் கதவின் மேல் ஊன்றிக்கொண்டே வந்திருக்கிறாள்.

சர்ச் வாசலில் வேன் நின்றதும் சத்தியநாதன் இறங்கி ஓடினார். புது வெள்ளைச் சட்டை, நகமெல்லாம் சுத்தம். அப்பன் மகளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பது அவர்கள் வழக்கம். அவரே கார்க் கதவைத் திறந்து கையை நீட்டினார். அவள் கையைக் கொடுத்தாள்.

கையுறை முழுக்க பிரவுன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஜாக்கெட்டில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. இடுப்புப் பக்கம் பட்டிலும் ஒரு பட்டை. கார்க் கதவில் அவள் கை வைத்த இடம் உரிந்து பழைய வெளுப்பு தெரிந்தது.

யா அல்லா!

"ஐயய்யோ, பொண்ணு கையில இன்னா இது?" என்று ஒரு அம்மாள் கத்தினாள். கூட்டத்தில் யாரோ ஒரு வாலிபன், எவன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, "பொண்ணு டேனரியிலருந்து நேரா வருதா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நாக்கில் புற்று வைக்க.

சத்தியநாதன் அவள் கையை விட்டார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதிலும் அந்த பிரவுன். அப்படியே திரும்பி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் நடந்தார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பவில்லை என்றதும் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, ஆம்பூர் பஸ்ஸில் ஏறுகிறவரைப் பிடித்து இழுத்தேன்.

"யோவ், பொண்ணு நிக்குதுய்யா அங்க! வாய்யா!"

"எந்த மூஞ்சிய வெச்சினு பாய் வருவேன்? அது மேல நானே சேத்தப் பூசி அனுப்பிட்டேனே. நான் இல்லாங்காட்டியாவது அது மானமா நிக்கும். வுடு பாய்."

என் கையைத் தட்டிவிட்டார். பஸ் கிளம்பியது. புதுச் சட்டையும் பவுடருமாக இருந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்து, விட மனசில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். அதனால் சர்ச்சுக்குள் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணம் நடந்தது, அது மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் அவர் வேலூர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த ரோட்டில் பள்ளிகொண்டா தாண்டினதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்சாவுக்கு வளைகாப்பு, பிள்ளைப்பேறு, புது வீடு, எதற்கும் போகவில்லை. பொன்மலர் மட்டும் போய் வருவாள். அந்த நாளைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசினால் தட்டை விட்டு எழுந்துவிடுவார், அவளும் பேச்சை விட்டுவிட்டாள். அக்சா ஆம்பூருக்கு வந்தால் இவர் ஷெட்டுக்கு வந்து பதுங்கிக்கொள்வார். எதிரே மாட்டிக்கொண்டால், "சாப்ட்டியாம்மா? சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்று தரையைப் பார்த்துப் பேசி முடித்துவிடுவார். மகளின் கையை அவர் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

தொழிலை மட்டும் விடவில்லை. ரயிலேறி மெட்ராஸுக்குப் போனார், பெயின்ட் கடை கடையாக நின்று கேட்டார். பிளாஸ்டிக்கை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பழைய பாலீஷையெல்லாம் எடுக்க வேண்டும், சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும், பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கும் பிரைமரை அடிக்க வேண்டும், அப்புறம்தான் நிறம், அதுவும் மெல்லிசாக. எல்லாம் கற்றுக்கொண்டார். அந்தக் கல்யாணச் சட்டையைத் துவைத்து எடுத்துவந்து ஷெட்டில் ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் மூடிய காருக்குள் அந்தச் சட்டையோடு வெந்தால்தான் அவருக்குத் திருப்தி. இத்தனை வருஷத்தில் அதில் ஒரு பொட்டு நிறம் ஒட்டியதில்லை. அப்படியும் அந்த மனுஷன் ஒரு நாள்கூடச் சந்தோஷமாக இறங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்தாறில் ஒரு ஏப்ரல் நாள், பழைய மாருதி ஒன்று ஷெட் வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவள் அக்சா. நேராக அப்பனிடம் போனாள்.

"வண்டி உள்ள வெளுத்துப்போச்சு. பண்ணித் தருவீங்களா? கஸ்டமரா வந்திருக்கேன்."

"வேலூர்லயே நல்ல ஆளுங்க இருப்பாங்களேம்மா."

"இருக்காங்க. நான் இங்கதான் குடுப்பேன்."

கஸ்டமரை எப்படித் துரத்துவது? வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் அதையே கட்டிக்கொண்டு அழுதார். நான் சீட் தைத்தேன். அடித்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். "போதும்யா, பிளாஸ்டிக் தேஞ்சு காகிதமாய்டப் போவுது" என்றேன். அவர் மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

வண்டியை எடுக்க வந்த அன்றைக்கு அக்சா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். வேண்டுமென்றேதான் கட்டிக்கொண்டு வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நல்ல உச்சி வெயில். இவர் வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டு, மூடிய காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் ஒரு தையல் இழுக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்சா ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து ஏறி, சாத்திக்கொண்டாள்.

"நீ வேணாம்மா, எறங்கு. துணி கெட்டுப்போய்டும்" என்று பதறினார்.

அவள் முழங்கையை எடுத்துக் கதவின் மேல் அழுத்தி வைத்தாள்.

"இந்த டெஸ்ட் யாருக்குப்பா?" இப்போது கஸ்டமர் மரியாதையெல்லாம் இல்லை.

"கஸ்டமருக்குத்தான்."

"பொய் சொல்லாத."

வெக்கையில் எனக்கு மூச்சு முட்டியது. இறங்கவும் சங்கடம்.

"அன்னைக்கு உன் மானத்த வாங்கிட்டேம்மா. அந்தக் கறைய நெனச்சா இப்பக்கூட சோறு எறங்க மாட்டேங்குது."

"கறையா?" அக்சா திரும்பி அவரைப் பார்த்தாள். "ஃபீபி அண்ணி, அவரோட அக்கா, கிளவுஸக் கழட்டிப் போட்டாங்க. நெட்ட இழுத்துக் கை மேல வுட்டாங்க. பூச்செண்ட இந்தப் பக்கம் மாத்திக் குடுத்தாங்க. அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு. ஃபோட்டோல கூட தெரியாது. நீதான் ஃபோட்டோவே பாத்ததில்லையே."

இவர் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

"நான் வாசல்ல நின்னேன். உள்ள பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க, பொண்ணு உள்ள வர்ற பாட்டு. முடிஞ்சுது. நீ வரல. ஆரம்பத்துலருந்து மறுபடியும் பாடினாங்க. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேக்கறாங்க. வேன்ல எதையோ வுட்டுட்டாரு, எடுத்துனு வந்துடுவாருன்னு சொன்னேன். சர்ச் வாசல்ல நின்னுனு பொய் சொன்னேம்பா. கைய நெட்டுக்குள்ள மறைச்சாச்சு. அப்பன் இல்லாதத எதுக்குள்ள மறைக்கறது?"

"மறுபடியும் பாடினாங்களா?" என்று கேட்டார்.

"பாடினாங்க. அதுவும் முடிஞ்சப்புறம்தான் அம்மா கைய புடிச்சுக் கூட்டினு போச்சு."

"அம்மா சொல்லவே இல்லியே."

"நீ கேட்டியா?"

இத்தனை வருஷம் அந்த மனுஷன் தப்பான இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து கழுவினது பெயின்ட் பாவத்தை. அதை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். இது அவர் மூஞ்சியில் தெரிந்தது. ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ ஆண்டவரே, ஐயோ ஆண்டவரே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பஸ்ஸில் அழுத அழுகை இதில் பாதிகூட இல்லை. எனக்கும் தாங்கவில்லை, பின்சீட்டில் லுங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்சா வண்டியைக் கிளப்பினாள்.

"நான் வேலூர் போறேன். எறங்கறதுன்னா எறங்கிக்க."

அவர் இறங்கவில்லை. "யம்மா, என் கடை தொறந்து கெடக்குது" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டாள், காற்று வந்தது. பள்ளிகொண்டா தாண்டும்போது கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரிஞ்சிபுரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

சர்ச் கேட்டில் வண்டி நின்றது. சாதாரண நாள், ஈ காக்கை இல்லை. ஒரு அம்மாள் மட்டும் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அக்சா இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் வாசல் படியில் ஒரு ஓரமாக நின்றாள்.

"இங்கதான் நின்னேன்" என்று அங்கிருந்தே சொன்னாள்.

சத்தியநாதன் கேட்டருகே நின்றார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கசங்கியிருந்தது. கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் தலையைத் தொங்கப் போட்டபடி, திருடன் ஸ்டேஷனுக்குப் போவதுபோல நடந்தார். பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு நிமிர்ந்து, "யாருங்க, இன்னா விசேஷம்?" என்று கேட்டாள். அவர் படியேறி மகள் முன்னால் நின்றார். நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"வந்துட்டேம்மா" என்றார்.

"ரொம்ப லேட்டுப்பா" என்று சொல்லிவிட்டு, அக்சா கையை நீட்டினாள்.